திரையரங்கு யாருடையது?

பீச் ரோட்டில் 1973இல் திறக்கப்பட்டபோது, கோல்டன் தியேட்டரில் ஏறத்தாழ 1,500 இருக்கைகள். அந்நாளில் சிங்கப்பூரின் ஆகப் பெரிய அரங்குகளுள் அதுவும் ஒன்று. கூட்டம் குறையக் குறைய அரங்கம் பிரிக்கப்பட்டது. 2014இல் அதன் ஒரு பகுதியில் ‘தி புரொஜெக்டர்’ திரையரங்கு தொடங்கியபோது, பழைய அரங்கைச் சீராக்க ரசிகர்கள் இணையம் வழியே பணம் தந்தார்கள். வேறு அரங்குகள் சீந்தாத உள்ளூர்ப் படங்களும் ஆவணப்படங்களும் அங்கே ஓடின.

2025 ஆகஸ்ட் 19 அன்று தி புரொஜெக்டர் மூடப்பட்டது. செலவு ஏறியதும் பார்வையாளர் பழக்கம் மாறியதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அறிவிப்பு வந்த அன்றே காட்சிகள் நின்றன. அடுத்த மாதம் கேத்தே சினிபிளெக்சும் தன் எஞ்சிய அரங்குகளை மூடியது.

தேக்கா வட்டாரம் இதை முன்பே கண்டிருக்கிறது. மெக்கென்சி சாலையின் ரெக்ஸ் திரையரங்கு 1946இல் திறந்து, 1983இல் மூடி, 2009இல் இந்தியப் படங்களுக்காக மீண்டும் கதவைத் திறந்தது. ஒவ்வொரு முறையும் முடிவு உரிமையாளர் கையில்தான் இருந்தது. ரசிகரின் அன்புக்கு அங்கே வாக்கு இல்லை. நம் வருத்தத்தின் வேர் இதுதான்.

வேறு வழியும் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் கேம்பல்டவுன் என்றொரு கடலோரச் சிற்றூர் உண்டு. ஒரு காலத்தில் விஸ்கி ஆலைகளால் செழித்து, பின்னர் நொடித்த ஊர். அங்கே 1913இல் கட்டிய பிக்சர் ஹவுஸ் திரையரங்கு 1980களில் மூடப்பட்டபோது, ஊரார் சமூக நிறுவனம் ஒன்றை அமைத்து அதைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். முழுமையாகச் செப்பனிட்டு 2017இல் மறுபடி திறந்தார்கள். அங்கும் செலவு உண்டு, நட்டம் வரலாம். ஆனால் மூடுவதா வேண்டாமா என்று பேசும் இடத்தில் ஊராரே உட்கார்ந்திருக்கிறார்கள்.

இது நமக்கு அந்நியமான வழி அன்று. 1950களில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்காகத் தமிழ் முரசு நாளிதழின் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியைத் தொடங்கி, ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். சாமானியர்கள் தந்தார்கள். கோல்டன் தியேட்டர் திறந்த அதே 1973இல்தான் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் தோ பாயோவில் தன் முதல் கூட்டுறவுப் பேரங்காடியைத் திறந்தது. அது இன்று ஃபேர்பிரைஸ் என்ற பெயரில் தீவெங்கும் நிற்கிறது.

அரிசி, பருப்புக்குக் கைகொடுத்த கூட்டுறவு முறையைத் திரையரங்குக்கும் கொண்டுவரலாம். இங்கே வாடகைதான் பெரிய தடை. ஆகவே முதலில் திரட்ட வேண்டியது கட்டடத்துக்கான பணம். இருக்கைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.