இருவரை விட்டு வர மறுத்த அணி

நம் குல முன்னோர் வரலாறும், நம்மவர் நிறுவிய சத்திரம், பாடசாலை முதலியவற்றின் வரலாறும் இப்பத்திரிகையில் அவ்வப்போது வெளிவருதல் அன்பர்கள் அறிந்ததே. இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினின்றும் வேறானது. அது கடல் கடந்த அமெரிக்க நாட்டின் மேல்கரையிலுள்ள ஒரு சிறிய பல்கலைக் கழகத்தின் விளையாட்டு அணிகளைப் பற்றியது. ‘பந்தாட்டக் கதைக்கும் நம் சங்கத்துக்கும் இயைபு யாது?’ என்று சிலர் வினவக்கூடும். பலர் ஓரிடத்தே கூடுதல் மட்டும் சங்கமாகாது. கூடியவருள் ஒருவர்க்கு நேர்ந்த இழிவை ஏனையோரும் தமக்கு நேர்ந்ததாகக் கொள்ளுமிடத்தே தான் அது சங்கமென்னும் பெயர்க்கு உரியதாகின்றது. இவ்வுண்மையை இளைய மாணாக்கர் சிலர் தம் செயலால் விளக்கிக் காட்டினராகலின், அவர்தம் வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

சான் பிரான்சிஸ்கோ என்பது கலிபோர்னியா மாகாணத்தில் பசிபிக் மாகடலை அடுத்துள்ள துறைமுக நகரம். 1848 இல் அந்நிலப்பகுதியிற் பொன் கண்டெடுக்கப்பட்டது. அதனை நாடி மக்கள் பல திசைகளினின்றும் வந்து குவிந்தனர். அந்நகரில் 1855 இல் இயேசு சபைத் துறவியர் ஒரு சிறு பள்ளி தொடங்கினர். நம் தமிழ்மொழிக்குத் தொண்டாற்றிய வீரமாமுனிவர் சார்ந்திருந்ததும், திருச்சிராப்பள்ளி, பாளையங்கோட்டை, சென்னை ஆகிய நகரங்களிற் கல்லூரிகள் நிறுவியதும் அச்சபையே. அப்பள்ளி நாளடைவில் வளர்ந்து, 1930 இல் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக் கழகம் என்னும் பெயர் பெற்றது.

அமெரிக்க நாட்டில் கல்லூரி அணிகளின் ஆட்டத்தைக் காண ஊரே திரளும். அவ்வாட்டங்களுள் தலைமையானது அவர்கள் கால்பந்து என வழங்குவது. பெயர் அதுவேயாயினும் நம் நாட்டில் ஆடப்படும் கால்பந்து அன்று. ஓர் அணிக்குப் பதினொருவர். நீள்வட்ட வடிவான பந்தைக் கையிற் பற்றி, எதிரணியார் பிடித்து வீழ்த்துமுன் அவர்தம் எல்லைக்குள் ஓடிச் சேர்தல் வேண்டும். பந்தோடு ஓடுவான் ஒருவனாயினும், அவனுக்கு வழி திறந்து விடுவோர் உடன் ஆடுவோரே. ஆதலின் ஒருவர்பால் ஒருவர்க்கு நம்பிக்கையின்றி இதனை ஆடுதல் இயலாது.

செல்வம் மிக்க கழகங்கள் பல்லாயிரவர் அமரத்தக்க அரங்குகளைத் தமக்கெனக் கட்டிக்கொண்டன. நாம் கூறும் சிறு கழகமோ நகரத்தார்க்கு உரிய கீசர் அரங்கில் ஆடி வந்தது. அணிக்கு ஆகும் செலவு வரவினும் மிகுந்து, கழகத்துக்குப் பெருஞ்சுமையாயிற்று.

இந்நிலையில் 1951 ஆம் ஆண்டு வந்தது. ஜோ குஹாரிச் என்பார் பயிற்றிய அவ்வணி அவ்வாண்டு ஆடிய பந்தயங்கள் ஒன்பது, ஒன்பதிலும் வெற்றியே. அணியிற் கறுப்பினத்தார் இருவர் இருந்தனர். ஒருவர் ஆலி மாட்சன். 1,566 கஜ தூரம் பந்தோடு ஓடி, அவ்வாண்டு நாட்டின் கல்லூரி ஆட்டக்காரர் எல்லாருள்ளும் முதல்வராய் நின்றார். மற்றவர் பர்ல் டோலர். எதிரணியைத் தடுத்து நிறுத்துவதில் வல்லவர்.

ஆண்டிறுதியிற் சிறந்த அணிகளை அழைத்துச் சில நகரத்தார் சிறப்புப் பந்தயம் நடத்துதல் அந்நாட்டு வழக்கம். அவற்றுட் புகழ் வாய்ந்தன பல, மயாமி, நியூ ஆர்லியன்ஸ் முதலிய தென்னாட்டு நகரங்களில் நிகழ்ந்தன. அழைக்கப்பெறும் அணிக்குப் புகழோடு பெரும்பொருளும் கிட்டும். சிறு கழகத்தின் அணி தொடர்ந்து நிலைபெறுதற்கு அப்பொருள் மிகவும் வேண்டியிருந்தது.

ஆனால், அந்நாளில் அமெரிக்காவின் தென் மாகாணங்களில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பள்ளியிற் பயிலுதற்குச் சட்டமே தடையாயிருந்தது. உணவு விடுதியும் ஊர்தியும் வேறு வேறாயிருந்தன. தெற்கே ஆடச் சென்ற வடபுலத்துக் கழகங்கள் பல, தம் கறுப்பு ஆட்டக்காரரை ஊரிலேயே நிறுத்திச் செல்லுதலை வழக்கமாகக் கொண்டிருந்தன. இவ்விழிவுக்கு ‘பெரியமனிதர் உடன்பாடு’ என்று ஓர் அழகிய பெயரும் சூட்டியிருந்தனர்!

மாட்சனையும் டோலரையும் விட்டு வருவதாயின் அழைப்பு உண்டு என்னும் செய்தி தம்மை எட்டியதாக அணியினர் பிற்காலத்தில் எடுத்துரைத்தனர். அணியார் ஒருமுகமாக மறுத்தனர். மறுத்தவருள் வெள்ளையரே மிகப் பலர். அவர்க்குத் தடை ஏதுமில்லை. செல்ல ஒருப்பட்டிருப்பின் புகழும் பொருளும் அவர்க்கே கிடைத்திருக்கும். அவருள் ஒருவரான ஜினோ மார்ச்செட்டி, இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியக் களத்தே நின்று மீண்டவர். உடன் நின்றவனைக் கைவிடுதல் தகாதென்பதை அத்தகையார்க்கு ஒருவர் சொல்லவும் வேண்டுமோ?

அறஞ்செய்தார்க்கு உடனே நற்பயன் விளைந்ததென்று கூறி முடிக்க இவ்வரலாறு இடந்தரவில்லை. அழைப்பு வரவில்லை, பொருளும் வரவில்லை. அவ்வாண்டோடு கழகத்தார் அவ்வணியையே கலைத்து விட்டனர். தோல்வி காணாத அணி, மறு ஆண்டு ஆடுதற்கே இல்லாமற் போயிற்று. நன்மை செய்வார் அதன் விலையை முன்னறிந்து செலுத்தவேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அவ்வீரரின் பிற்கால வாழ்வையும் கூறுவாம். மாட்சன் 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் பந்தயத்தில் ஓடி, வெள்ளிப் பதக்கம் ஒன்றும் வெண்கலப் பதக்கம் ஒன்றும் பெற்றார். அவரும், மார்ச்செட்டியும், பாப் செயின்ட் கிளேர் என்பவரும் தொழில்முறை ஆட்டத்திற் சிறந்து, அவ்வாட்டத்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றனர். டோலர்க்கோ 1952 இல் முழங்காலிற் பட்ட காயத்தால் ஆட்டமே முடிந்தது. அவர் ஆசிரியராகி, பின்னர்ப் பள்ளித் தலைமையாசிரியராயினார். 1965 இல் தேசியக் கால்பந்துக் கழகத்தின் முதற் கறுப்பின நடுவராக நியமனம் பெற்றார். தெற்கே ஆடத் தகார் என்று விலக்கப்பட்டவர், பிறர் ஆட்டத்துக்கு முறை கூறும் நடுவராயினமை காண்க. அவ்வணியில் உயிரோடிருந்தார்க்குப் பல்கலைக் கழகம் 2006 இல் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 2017 இல் தன் மாணவர் விடுதியொன்றுக்கு டோலர் பெயரைச் சூட்டியது.

நிற்க. அவ்வணி கலைந்த பின்னும் அதன் பண்பு அக்கழகத்தை விட்டு நீங்கவில்லை. தனக்கெனத் தகுந்த ஆட்டக்கூடமும் இல்லாத அக்கழகத்தின் கூடைப்பந்து அணி, 1955, 1956 ஆகிய ஈராண்டுகளிலும் தேசியக் கல்லூரிப் பந்தயத்தில் முதன்மை எய்தியது. இடையறாது 60 பந்தயங்களில் வென்றது. பில் வூல்பர்ட் என்பார் அதன் பயிற்சியாளர். பில் ரஸ்ஸல், கே. சி. ஜோன்ஸ், ஹால் பெரி என்னும் கறுப்பினத்தார் மூவர் அதன் தூண்களாயிருந்தனர். 1954 டிசம்பரில் ஒக்லஹோமா நகரில் ஆடச் சென்றபோது, ஆண்டுள்ள விடுதியார் கறுப்பினத்தார்க்கு அறை தர மறுத்தனர். வெள்ளை ஆட்டக்காரரும் அவ்விடுதிகளை வேண்டாமென்று நீத்தனர். விடுமுறைக்காக மூடிக் கிடந்த ஒரு கல்லூரி மாணவர் விடுதியில் அணியார் அனைவரும் ஒருங்கே தங்கினர்.

புகழுக்கு மாசு உள்ளிருந்தும் வருவதுண்டு. பிற்காலத்தில் அக்கூடைப்பந்து அணியைச் சுற்றி விதிமீறல்கள் பெருகின. செய்யாத வேலைக்குக் கூலியென்று ஆட்டக்காரர் ஒருவர்க்குப் பணம் வழங்கியமையும் வெளிப்பட்டது. 1982 இல் கழகத் தலைவரான லோ ஷியாவோ என்னும் துறவியார், எவருடைய ஆணையுமின்றித் தாமே அப்புகழ்பெற்ற அணியை நிறுத்தி வைத்தார். 1985 இல் அது மீண்டும் தொடங்கியது. வெளியார் இழிவு செய்யுங்கால் மறுத்தல் ஒரு வீரம். தம்மவர் தவறுங்கால் தடுத்தல் அதனினும் அரிய வீரம்.

இனி, இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது? நம் இளைஞர் ஊர்தோறும் கபடி, கைப்பந்து, கிரிக்கெட்டு முதலிய ஆட்டங்களுக்கு அணி அமைக்கின்றனர். அவ்வணிகளிற் பிற குலத்துப் பிள்ளைகளும் தோளோடு தோள் நின்று ஆடுகின்றனர். ‘இன்னாரை விட்டு வருக’ என்று நாளை ஓர் அழைப்பு வருமாயின், நம் பிள்ளைகள் மறுப்பர் என்றே நம்புகின்றோம். மறுத்து வந்த பிள்ளையை வீட்டார் கடிந்துகொள்ளாமல் இருத்தல் வேண்டும்.

ஆனால், அழைப்பை மறுத்தாரைப் போற்றுவது எளிது. அவ்வழைப்பை விடுத்தார் இடத்தில் நாமே நிற்கின்றோமா என்று நோக்குவதே அரிது. நம்மவரை ஒருகால் பிறர் வாயிலில் நிறுத்தியதுண்டு. அதனை நாம் மறக்கவில்லை. அங்ஙனமாயின், நம் வாயிலிற் பிறரை நிறுத்துதல் எவ்வாறு பொருந்தும்? குலத்தார் ஒன்று கூடுதல் ஒருவரையொருவர் தாங்குதற்கேயன்றி, பிறரை விலக்குதற்கு அன்று.

ஆதலின், சங்கப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். நம் சங்கம் நடத்தும் பந்தயங்களில், அணியில் உள்ளார் எக்குலத்தார் என்று வினவாது ஊரிலுள்ள அணிகள் அனைத்தையும் அழைத்தல் வேண்டும். இதனால் நம் சங்கத்துக்குப் பொருள் மிகுமென்று கூறோம். சிலர்தம் மனக்கசப்பும் நேரலாம். எனினும், நம் பிள்ளைகள் தம் தோழரை அழைத்துக்கொண்டு நம் வாயிலுக்குள் நாணமின்றி நுழைவர். அப்பேறு நமக்குப் போதுமென்க.