ரூபாய்க்கு ஓரணா: சேமநல நிதியின் பூட்டும் சாவியும்

பிழைப்பை நாடித் தாயகம் விட்டு, மும்பையிலும் பெங்களூரிலும் சூரத்திலும் தில்லியிலும் வாழும் நம்மவர் பலருடைய சம்பளச் சீட்டில் ஒரு வரி மாதந்தோறும் தவறாமல் வருகிறது. பிராவிடண்டு பண்டுக்காகப் பிடித்தம் என்பதே அந்த வரி. இத்தொகை நம்முடையதுதான், ஆயினும் நம் கையில் இல்லை. மகளுக்கு மணம் முடிக்க வேண்டும், ஊரிலுள்ள வீட்டின் கூரையை மாற்ற வேண்டும், வேலை போய்விட்டது என்று நெருக்கடி வரும் நாளில், "நம் பணத்தை நாம் எடுப்பதற்கு இத்தனை விதிகளா? எடுத்தால் அதற்கும் வரியா?" என்ற கேள்வி எழுவது இயல்பே. அக்கேள்விக்கு விடை காண, இந்த நிதியின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

சேமநல நிதி என்பது நேற்றுத் தோன்றியதன்று. 1897ஆம் ஆண்டிலேயே சேமநல நிதிகளைப் பற்றி ஒரு சட்டம் இந்நாட்டில் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் 1925ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அரசாங்க நிதிகளுக்கும் ரயில்வே நிதிகளுக்கும் பொருந்திய அச்சட்டம் அரியதொரு காப்பினை அளித்தது. ஊழியர் பட்ட கடனுக்காக அவருடைய கட்டாயச் சேமிப்பை எந்த நீதிமன்றமும் ஜப்தி செய்ய இயலாது; கடன்காரரிடம் அதை எழுதிக் கொடுக்கவும் இயலாது. இந்நிதிக்கு முதன்முதலில் பூட்டு இடப்பட்டது உரிமையாளரைத் தடுப்பதற்காக அன்று. கடன் கொடுத்தவர் கை அதன்மீது படாதிருப்பதற்காகவே என்பதை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

ஆனால் அந்நாளில் இந்தப் பாதுகாப்பு அரசுப் பணியாளருக்கும் ரயில்வே ஊழியருக்கும் ஒரு சில பெரிய கம்பெனிகளின் சிப்பந்திகளுக்குமே கிட்டியது. ஆலையிலும் சுரங்கத்திலும் உழைத்தவருக்கு முதுமை என்றால் ஊர் திரும்புதல், பிள்ளைகளை அண்டி வாழ்தல் என்பதன்றி வேறு வழி இருக்கவில்லை. விடுதலைக்குப் பின் நிலை மாறத் தொடங்கியது. 1948ஆம் ஆண்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில், பிற தொழிலாளருக்கும் இவ்வாறு ஒரு நிதி வேண்டுமென்று மத்திய சட்டசபையில் உறுப்பினர் ஒருவர் தனிப்பட்ட மசோதா கொணர முயன்றார். விரிவானதொரு சட்டத்தை அரசாங்கமே கொண்டுவரும் என்று உறுதி அளிக்கப்பட்ட பின்னரே அம்மசோதா திரும்பப் பெறப்பட்டது.

அந்த உறுதிமொழி 1951ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் அவசரச் சட்டமாக உருப்பெற்றது. 1952 மார்ச்சில் அதுவே தொழிலாளர் சேமநல நிதிச் சட்டமாயிற்று. சிமெண்டு, சிகரெட்டு, எஞ்சினியரிங், இரும்பும் எஃகும், காகிதம், நெசவு ஆகிய ஆறு தொழில்களில், ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்த தொழிற்சாலைகளுக்கு அது முதலில் பொருந்தியது. 1960இல் இந்த வரம்பு இருபது பேராகக் குறைக்கப்பட்டது. மாதம் 300 ரூபாய்வரை ஊதியம் பெற்றவரே தொடக்கத்தில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டனர். அந்த வரம்பு படிப்படியாக உயர்ந்து 2014இல் 15,000 ரூபாயாயிற்று.

அன்று தொழிலாளி செலுத்திய பங்கு நூற்றுக்கு ஆறேகால். அணாக் கணக்கு வழங்கிய காலம் அது. ரூபாய்க்குப் பதினாறு அணா. ஆகவே ஆறேகால் சதவீதம் என்பது ரூபாய்க்குச் சரியாக ஓரணா! தொழிலாளி ஓரணா வைத்தால் முதலாளியும் ஓரணா வைக்க வேண்டும். கூலி வாங்கிய அன்றே கணக்குப் பார்க்கும் ஏழைத் தொழிலாளிக்கும் எளிதில் விளங்கிய கணக்கு இது. அந்த ஓரணாவே வளர்ந்து, 1997இல் பெரும்பாலான தொழில்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு என்றாயிற்று. 1952-53இல் நிதிக்கு அளிக்கப்பட்ட வட்டி 3 சதவீதமே; 1990களில் அது 12 சதவீதமாக இருந்தது; 2023-24இல் 8.25 சதவீதம்.

இனி, பூட்டுக்கு வருவோம். தொடக்கக் காலத்தில் இந்நிதி இறுக மூடிய பெட்டியாகவே இருந்தது. சில ஆண்டுகளே பணி செய்து விலகியவருக்கு முதலாளி செலுத்திய பங்கு முழுதும் கிட்டவில்லை. பணியாண்டுகளுக்கு ஏற்ப ஒரு பகுதி கழிக்கப்பட்டுப் பறிமுதல் கணக்கில் சேர்ந்தது. ஒரே ஆலையில் நிலைத்து நிற்பவருக்கு இதனால் நன்மை. ஊர்விட்டு ஊர் மாறி வேலை தேடுபவருக்கு இழப்பு. அந்த விதி பின்னர் மறைந்தது.

வாழ்க்கை ஓய்வு பெறும் வயதுவரை காத்திருப்பதில்லை என்பதை அரசும் உணர்ந்தது. பெட்டியின் பக்கங்களில் ஒவ்வொன்றாகச் சிறு கதவுகள் திறக்கப்பட்டன. ஐந்தாண்டு உறுப்பினராக இருந்தவர் வீடு கட்டவோ வாங்கவோ பணம் பெறலாம் என்றாயிற்று. ஏழாண்டு நிறைந்தவர் திருமணத்திற்கும் பிள்ளைகளின் மேற்படிப்பிற்கும் தம் பங்கில் பாதியை எடுக்கலாம். கடும் நோய் கண்டால் இத்தனை ஆண்டு என்ற நிபந்தனையே இல்லை. ஆலை மூடப்பட்டாலும் ஒரு வழி உண்டு. இவை கடன் அல்ல. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. வேலை இழந்து இரண்டு மாதம் வேறு வேலை கிட்டாதிருந்தால் கணக்கையே முடித்துக்கொள்ளலாம் என்றும் விதி இருந்தது. திருமணத்தின் பொருட்டு வேலையை விடும் பெண்ணுக்கு அந்த இரண்டு மாதக் காத்திருப்பும் வேண்டாம் என்று சட்டம் விலக்களித்தது.

இந்தக் கடைசிக் கதவுதான் வெளி மாநிலங்களில் வாழும் தொழிலாளருக்கு மிகவும் பழகிய கதவு. ஒரு வேலையை விடும்போதெல்லாம் கணக்கை முடித்துப் பணத்தை எடுத்துவிடுவது பலருடைய வழக்கமாயிற்று. இங்கேதான் வரி குறுக்கிடுகிறது.

1922ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட ஓர் இயலும், அதன் வழிவந்த 1961ஆம் ஆண்டுச் சட்டமும், அங்கீகாரம் பெற்ற சேமநல நிதிகளுக்குச் சலுகை காட்டின. செலுத்தும்போது வரிச் சலுகை, வளரும்போது வரி இல்லை, முதுமையில் பெறும்போதும் வரி இல்லை என்பதே அச்சலுகையின் சாரம். ஆனால் இது நெடுநாள் சேமிப்பிற்காக அளித்த சலுகை. ஆகவே 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நிபந்தனை விதித்தது. தொடர்ந்து ஐந்தாண்டு பணி செய்யாமல் இடையில் எடுத்தால், அந்நிதிக்கு அங்கீகாரமே இல்லாதிருந்தால் எவ்வளவு வரி வந்திருக்குமோ அவ்வளவும் கட்ட வேண்டும். நோயினாலோ, முதலாளியின் தொழில் நின்றுபோனதாலோ, தம் சக்திக்கு மீறிய வேறு காரணத்தாலோ வேலை போயிருந்தால் இந்த நிபந்தனை இல்லை.

இந்த ஐந்தாண்டைக் கணக்கிடும் முறையை நம்மவர் நன்கு அறிந்திருத்தல் அவசியம். ஒருவர் பெங்களூரில் மூன்றாண்டும், பின்னர் சூரத்தில் மூன்றாண்டும் வேலை பார்த்தார் என்று கொள்வோம். பெங்களூர்க் கணக்கைச் சூரத்துக் கணக்கிற்கு மாற்றியிருந்தால், சட்டத்தின் பார்வையில் அவருடைய பணி ஆறாண்டு, வரி இல்லை. பெங்களூரை விடும்போது ஒரு முறை, சூரத்தை விடும்போது ஒரு முறை என்று எடுத்திருந்தால், இரண்டும் ஐந்தாண்டுக்குக் குறைவு. இரண்டிற்கும் வரி உண்டு. உழைப்பு ஒன்றே, ஆண்டுகளும் ஒன்றே. ஒரு விண்ணப்பத் தாள் மட்டுமே வேறுபாடு!

நெடுங்காலம் இந்த வரி ஏட்டளவில் இருந்ததே அன்றிப் பலரிடம் வசூலாகவில்லை. 2015 ஜூன் முதல் நாளிலிருந்து, ஐந்தாண்டு நிறையாமல் எடுக்கும் தொகையிலிருந்து நூற்றுக்குப் பத்து வீதம் நிதி அலுவலகமே பிடித்துக்கொள்ளலாயிற்று. 30,000 ரூபாய்க்குக் குறைந்த தொகைக்கு முதலில் அளித்த விலக்கு, மறு ஆண்டில் 50,000 ரூபாயாக உயர்ந்தது. வருமான வரி எண் தராதவரிடம் பிடித்த வீதம் மிகக் கடுமையானது. 2023 ஏப்ரலில் அது 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இப்பிடித்தம் முடிவான வரி அன்று. ஆண்டு வருமானம் வரிக்கு உட்படாதவர் கணக்குக் காட்டித் திரும்பப் பெறலாம். எனினும், அதை அறியாமலேயே விட்டுவிட்ட ஏழைகளை நாம் கண்டிருக்கிறோம்.

அடுத்த ஆண்டாகிய 2016, இந்நிதியின் வரலாற்றில் மறக்க முடியாத ஆண்டு. பிப்ரவரி 29 அன்று வரவு செலவுத் திட்டம் படித்த நிதியமைச்சர் அருண் ஜெட்லி, ஏப்ரலுக்குப்பின் செலுத்தும் தொகையில், ஓய்வின்போது எடுப்பதில் நாற்பது சதவீதத்திற்கே வரிவிலக்கு என்று அறிவித்தார். எஞ்சிய அறுபதை ஓய்வூதியத் திட்டத்தில் முதலீடு செய்யாவிட்டால் வரி. சம்பளக்காரரின் எதிர்ப்பு நாடெங்கும் எழுந்தது. மார்ச் 8 அன்று அமைச்சர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

அந்த அலை ஓய்வதற்குள் மற்றோர் அலை எழுந்தது. வேலையை விட்டவர் தம் பங்கையும் அதன் வட்டியையும் மட்டுமே எடுக்கலாம், முதலாளியின் பங்கு 58 வயதுவரை நிதியிலேயே நிற்கும் என்று பிப்ரவரியில் வெளியான அறிவிக்கை கூறியது. ஏப்ரல் 18ஆம் நாள் பெங்களூரில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர், பெரும்பாலும் பெண்கள், ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்தனர். ஓசூர்ச் சாலை ஸ்தம்பித்தது. எந்தப் பெரிய சங்கத்தின் தலைமையும் இன்றி அவர்கள் தாமே திரண்டனர். மறுநாள் கல்வீச்சும் தீவைப்பும் தடியடியும் நிகழ்ந்தன. அன்றே அறிவிக்கை முழுதும் திரும்பப் பெறப்பட்டது.

அப்பெண்களின் சினத்தை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமாகாது. சொற்ப ஊதியத்தில் தையல் இயந்திரத்தின் முன் நாளெல்லாம் அமர்ந்து உழைப்பவருக்கு 58 வயதுவரை அவ்வேலை நிலைக்கும் என்று யார் சொல்ல முடியும்? வேலையை விட்டபின் கைக்கு வரும் அந்தத் தொகையே கடனை அடைக்கவும் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும் உதவுவது. எனினும் மறுபக்கமும் உண்டு. 40,000 ரூபாயை எடுத்துச் செலவிடாமல், ஆண்டுக்கு எட்டு வீத வட்டியில் இருபத்தைந்தாண்டு விட்டுவைத்தால் அது சுமார் 2,74,000 ரூபாயாகும். பசிக்கு விதைநெல்லைக் குத்தி உண்ணும் குடியானவனை நாம் குறைகூற முடியாது. ஆனால் அடுத்த போகத்திற்கு வயல் தரிசாகக் கிடக்கும் என்பதை மறைக்கவும் முடியாது.

பின்வந்த ஆண்டுகளில் சட்டம் இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழி தேடியது. 2018இல், வேலை இழந்து ஒரு மாதமானவர் முக்கால் பங்கை எடுத்துக்கொண்டு கணக்கைத் தொடரலாம் என்றாயிற்று. 2020 மார்ச்சில் கொரோனா நோய் பரவி ஊரடங்கு வந்தபோது, மூன்று மாத ஊதியம் அல்லது கணக்கிலுள்ளதில் முக்கால் பங்கு, இவற்றில் குறைந்ததை எடுக்க வழி திறந்தது. கூலியின்றி அயலூரில் அடைபட்டிருந்தவருக்கு அது பெருந்துணை. 2025 அக்டோபர் 13 அன்று கூடிய மத்திய அறங்காவலர் குழு, பதின்மூன்று வகையாகச் சிதறிக் கிடந்த விதிகளை மூன்று வகைக்குள் ஒன்றாக்கவும், ஓராண்டு பணி போதும் என்று தளர்த்தவும் முடிவு செய்தது. அதே வேளையில், கால் பங்கு கணக்கில் என்றும் நிற்க வேண்டும், கணக்கை முற்றும் முடிக்க ஓராண்டு வேலையின்றி இருந்திருக்க வேண்டும் என்றும் அக்குழு தீர்மானித்தது. கதவுகள் அகன்றன, உள்ளறையின் பூட்டு மட்டும் மேலும் இறுகியது.

நேயர்களே, சட்டம் இனியும் மாறும். எவ்வாறு மாறினும் நாம் செய்யத் தக்கவை சில உண்டு. 2014இல் வந்த பொதுக் கணக்கு எண், வேலை மாறினும் மாநிலம் மாறினும் மாறாதது. அதை எழுதி வீட்டாரிடம் கொடுத்து வையுங்கள். பெயரும் தந்தை பெயரும் பிறந்த தேதியும் எல்லா ஆவணங்களிலும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். தமிழ்ப் பெயர்களின் தலைப்பெழுத்தை அயல் மாநில அலுவலகங்கள் பலவாறு விரித்தெழுதுவதால் தடைப்படும் விண்ணப்பங்கள் பல. வாரிசின் பெயரைப் பதிவு செய்யுங்கள். பழைய கணக்கை எடுப்பதற்கு முன், மாற்ற முடியுமா என்று ஒருமுறை கேளுங்கள்.

ரூபாய்க்கு ஓரணா என்று தொடங்கிய இச்சேமிப்பு, பிறர் வயலில் நாம் செய்த உழைப்பின் ஒரு பிடி நெல். அதை எப்போது எடுப்பது என்பது நம் தேவையைப் பொறுத்தது. எடுக்கும் நாளில், விதியை அறிந்து எடுக்கிறோம் என்ற தெளிவாவது நம்மிடம் இருக்கட்டும்.