கதிரொளியில் உருவான நூல்: அன்னா அட்கின்ஸ் அம்மையார் (1799–1871)

புகைப்படங்களைக் கொண்ட முதல் நூல் எது என்னும் வினாவுக்கு, டால்பட் என்பார் 1844இல் வெளியிடத் தொடங்கிய ‘இயற்கையின் எழுதுகோல்’ என்றே நெடுங்காலம் விடை கூறப்பட்டு வந்தது. ஆயினும் அதற்கு முந்திய ஆண்டின் அக்டோபர் மாதத்திலேயே, இங்கிலாந்தில் ஓர் அம்மையார் அத்தகைய நூலொன்றின் முதற்பகுதியைத் தம் கையாலேயே ஆக்கியிருந்தார். அவர் பெயர் ஏன் மறைந்து கிடந்தது என்பது வரலாறு கற்போர் சிந்திக்கத்தக்கது.

அன்னா 1799இல் கெண்ட் பகுதியிலுள்ள டன்பிரிட்ஜில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்த அவரை, விஞ்ஞானியான தந்தை ஜான் ஜார்ஜ் சில்ட்ரன் வளர்த்தார். லமார்க் எழுதிய சிப்பியினங்கள் பற்றிய நூலைத் தந்தை மொழிபெயர்த்து 1823இல் வெளியிட்டபோது, அதற்கென 250க்கும் மேற்பட்ட படங்களை வரைந்தவர் மகளே. தந்தை செயலாளராகப் பணியாற்றிய ராயல் சொசைட்டி, 1945 வரை பெண்களை உறுப்பினராக ஏற்கவில்லை. பெண்களையும் சேர்த்துக்கொண்ட லண்டன் தாவரவியல் சங்கத்தில் அன்னா 1839இல் உறுப்பினரானார்.

1841இல் ஹார்வி வெளியிட்ட பிரிட்டிஷ் கடற்பாசிகள் பற்றிய கையேட்டில் படங்கள் இல்லை. நுண்ணிய பாசிகளைப் பிழையின்றி வரைவதும் எளிதன்று. அந்நிலையில், குடும்ப நண்பரான ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்த நீலப்படிவ முறை அவருக்குத் துணையாயிற்று. இருவகை இரும்பு உப்புகளின் கரைசலைத் தாளில் பூசி, இருளில் உலர்த்தி, அதன்மேல் பாசியை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைப்பர். ஒளிபட்ட இடம் நீலமாகும். நீரில் அலசியபின் பாசியின் உருவம் வெண்மையாய் நிற்கும். இதற்குக் காமிரா வேண்டுவதில்லை.

இவ்வாறு 1843 முதல் 1853 வரை பத்தாண்டுகள் உழைத்து, ஏறத்தாழ 400 படத்தாள்கள் கொண்ட நூலைப் பகுதி பகுதியாக முடித்தார். ஒவ்வொரு பிரதியின் ஒவ்வொரு தாளையும் தனித்தனியே கதிரொளியில் படியெடுக்க வேண்டியிருந்தது. விளக்கவுரையும் அவர் கையெழுத்தே. அதுவும் அம்முறையிலேயே பதிக்கப்பட்டது. பிரதிகளை நண்பர்களுக்கும் அறிவியல் நிறுவனங்களுக்கும் அன்பளிப்பாக அனுப்பினார். அவரை உறுப்பினராக ஏற்க இயலாத ராயல் சொசைட்டியும் அவருடைய நூலைப் பெற்றுக்கொண்டது.

முன்னுரையின் அடியில் ‘ஏ. ஏ.’ என்று மட்டுமே ஒப்பமிட்டிருந்தார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நூலை ஆராய்ந்த ஒருவர், அவ்வெழுத்துகளுக்குப் ‘பெயரறியாத பயில்நிலையாளர்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களை ஊகித்தார். லாரி ஷாஃப் என்னும் ஆய்வாளர் 1985இல் வெளியிட்ட நூலே அன்னாவின் பணியைப் பலரும் அறியச் செய்தது.

டால்பட்டின் நூல் விற்பனைக்கு வந்தது. அன்னாவின் நூல் அன்பளிப்பாகச் சென்றது. கடைக்கு வந்ததையே வெளியீடு எனக் கொள்ளும் அளவுகோலால் அளந்தோர்க்கு அவர் பணி புலப்படவில்லை. நாம் எதனைச் சான்றாக ஏற்கிறோம் என்பதே யாருடைய உழைப்பு வரலாற்றில் இடம்பெறும் என்பதைத் தீர்மானிக்கிறது. தலைப்பெழுத்துகளோடு நின்றுவிட்ட ஒப்பங்களைக் காணும்போது, அவற்றின் பின்னுள்ள ஆளைத் தேடுவது வரலாற்றாசிரியரின் கடமையாகும்.