மாகாணியும் முந்திரியும்: தமிழ்க் கீழ்வாயிலக்கத்தில் பொது மடங்கு

தமிழ்க் கணக்கு மரபைக் குறித்து எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி கீழ்வாயிலக்கத்தின் நுண்மையை வியப்பதோடு நின்றுவிடுகிறது. முந்திரி 320இல் ஒரு பங்கு, கீழ்முந்திரி 1,02,400இல் ஒரு பங்கு, இம்மி அதனினும் சிறிது என்று பட்டியல் தருவதும், இத்துணைச் சிறிய அளவையும் முன்னோர் அறிந்திருந்தனர் என்று மகிழ்வதும் வழக்கமாகிவிட்டன. சிறிய அளவு ஒன்றற்குப் பெயரிடுவது அத்துணை அரிய செயலன்று. 320 என்னும் எண் ஏன் வந்தது? 300 ஏன் ஆகவில்லை, 400 ஏன் ஆகவில்லை? இவ்வினாவிற்கு விடை, இன்று தொடக்கப்பள்ளிச் சிறாருக்குக் கற்பிக்கப்படும் ஓர் எளிய கருத்தில் அடங்கியுள்ளது. முழு எண் ஒன்றன் மடங்குகள் யாவை, இரு எண்களுக்குப் பொதுவான மடங்கு எது என்பதே அக்கருத்து.

மடங்கு என்னும் சொல் மடிதல், மடங்குதல் என்னும் வினைகளோடு உறவுடையது. ஒன்றை அதன்மேலேயே மடித்து வைத்தால் இருமடி, மீண்டும் மடித்தால் நான்மடி. தமிழ் எண்ணுப் பெயர்களுள் பல இம்மடங்குக் கருத்தின்மேல் எழுந்தவை. இருபது என்பது இரு பத்து. முந்நூறு என்பது மூன்று நூறு. எழுத்து வடிவிலும் இஃதே நிலை. பத்தைக் குறிக்கும் ௰ என்னும் குறிக்கு முன்னே இரண்டை இட்டால் (௨௰) அது பெருக்கி இருபது ஆகும். பின்னே இட்டால் (௰௨) கூட்டிப் பன்னிரண்டு ஆகும். இடமதிப்பும் சுழியமும் இல்லாத இம்முறையில் எண்ணை வாசிப்பவர் ஒவ்வொரு முறையும் மடங்கு எது, கூட்டு எது என்று பிரித்தறிந்தே வாசிக்க வேண்டும். மேல்வாயிலக்கத்தில் இவ்வளவு வெளிப்படையாக உள்ள கருத்து, கீழ்வாயிலக்கத்தில் சற்று மறைந்து நிற்கிறது. ஆயின் அங்கேதான் அது கூடுதல் வேலை செய்கிறது.

கீழ்வாயிலக்கத்தின் பெயர்களைக் கூர்ந்து நோக்கின் இரண்டு வேறு வரிசைகள் அதனுள் கலந்திருப்பது புலனாகும். ஒன்று, பாதி பாதியாகப் பகுத்துச் செல்லும் வரிசை: அரை, கால், அரைக்கால், வீசம். வீசம் 16இல் ஒரு பங்கு. மற்றொன்று இருபதைப் பகுதியாகக் கொண்ட வரிசை: மா என்பது 20இல் ஒரு பங்கு, இருமா பத்தில் ஒன்று, நாலுமா ஐந்தில் ஒன்று. முதல் வரிசை முகத்தலளவைக்கு இயல்பானது. நாழியைப் பாதியாக்கினால் உரி, உரியைப் பாதியாக்கினால் உழக்கு, உழக்கைப் பாதியாக்கினால் ஆழாக்கு. இரண்டாம் வரிசை நிலத்துக்குரியது. 20 மா கொண்டது ஒரு வேலி. நெல்லை அளப்பவரும் நிலத்தை அளப்பவரும் தத்தம் பின்னங்களோடு அமைந்திருக்கலாம். ஆனால் நிலத்தின் வரி நெல்லாக அளக்கப்படுகிறது. கணக்கர் இவ்விரண்டையும் ஓரேட்டில் எழுதியாக வேண்டும். பதினாறில் ஒன்றையும் இருபதில் ஒன்றையும் கூட்டுவது எங்ஙனம்?

விடை ஒரு பெயரிலேயே பொதிந்துள்ளது. வீசத்திற்குத் தமிழில் மற்றொரு பெயர் மாகாணி. மா 20இல் ஒன்று, காணி 80இல் ஒன்று. 80இல் நான்கு பங்கு மா. அதனோடு ஒரு பங்கு சேர ஐந்து பங்கு. 80இல் ஐந்து பங்கென்பது 16இல் ஒரு பங்கே. மாவும் காணியும் கூடியது மாகாணி. பாதி பாதியாகப் பகுத்து வந்த ஓரளவு, இருபதின் வரிசைக்குரிய சொற்களால் பெயர் பெற்றுள்ளது. 16க்கும் 20க்கும் மீச்சிறு பொது மடங்கு 80. அந்த 80இல் ஒரு பங்கிற்குக் காணி என்று தனிப்பெயர் இருந்தமையால்தான் இப்பெயர்மாற்றம் இயன்றது. பின்னங்களின் நுண்மையைப் போற்றும் நூல்கள் மாகாணியைப் பட்டியலில் ஓரிடத்தில் வைத்துவிட்டுக் கடந்துசெல்கின்றன. கீழ்வாயிலக்கம் முழுவதற்கும் திறவுகோல் அச்சொல்லே எனலாம்.

இனி 320. பதினாறையும் இருபதையும் நேரே பெருக்கினால் வருவது இவ்வெண். மாகாணியின் மா எவ்வளவு என்று கேட்டால் முந்திரி என்பதே விடை. எனவே 16, 20 என்னும் இரு பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கு காணியாகவும், அவற்றின் பெருக்கம் முந்திரியாகவும் நிற்கின்றன. மீச்சிறு மடங்கே போதுமெனின் முந்திரி எதற்கு என்னும் ஐயம் எழலாம். வீசத்தையும் அரைவீசம், கால்வீசம் என்று பகுப்பது வழக்கு. கால்வீசம் 64இல் ஒரு பங்கு. அதனைக் காணியால் அளக்க இயலாது, ஒன்றேகால் காணி ஆகிவிடும். முந்திரியால் அளந்தாலோ சரியாக ஐந்து. 64க்கும் 20க்கும் மீச்சிறு பொது மடங்கு 320 ஆதலின், முந்திரி வெறும் நுண்மைக்காக வந்ததன்று. இரு வரிசைகளையும் எச்சமின்றி அளக்கத்தக்க மிகப்பெரிய அலகாகவே வந்தது என்று கொள்ள இடமுண்டு. மிகச் சிறியதைத் தேடியவர் கண்ட அலகு என்பதினும், இதற்குமேல் சிறிதாக்க வேண்டியதில்லை என்று நின்ற அலகு என்பது பொருந்தும்.

இந்திய அளவில் இக்கருத்தை விதியாக எடுத்துரைத்தவர் மகாவீரர். இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலமாகிய 9ஆம் நூற்றாண்டில் அவர் இயற்றிய கணிதசாரசங்கிரகம், பின்னங்களைக் கூட்டுவதற்குப் பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கைக் காணும் வழியைச் சொல்லி, அதற்கு நிருத்தம் என்று பெயரும் தருகிறது. இந்நூலைப் பாவுலூரி மல்லனர் தெலுங்கில் தந்தார்; சென்னையில் எம். ரங்காசாரியார் 1912இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார். தமிழ்க் கணக்குநூல் மரபில், காரிநாயனாரின் கணக்கதிகாரம் போன்றவற்றில், மேலோங்கி நிற்பது அளவைகளும் அவற்றைக் கையாளும் கணக்குகளுமே. இதனைக் குறையென்று கருதுவோர் உளர். ஆனால் விதி தேவைப்படுவது, பகுதிகள் எவையாகவும் இருக்கலாம் என்னும் நிலையில்தான். தமிழ்க் கணக்கர் முன் வந்த பகுதிகள் வரையறுக்கப்பட்டவை. அவற்றின் பொது மடங்கை ஒருமுறை கண்டு அலகாக்கிவிட்டால், பின்னர் ஒவ்வொரு முறையும் காண வேண்டுவதில்லை.

திண்ணைப் பள்ளியின் பயிற்சி இவ்வடிப்படையிலேயே அமைந்தது. பொன்னிலக்கம் முந்திரியில் தொடங்கும். இரண்டு முந்திரி அரைக்காணி, இரண்டு அரைக்காணி ஒரு காணி, இரண்டு காணி அரைமா என்று கூட்டிக் கூட்டி ஒன்றை அடைவது அதன் முறை. அடுத்து நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று. எண்சுவடியின் வாய்பாடு முழு எண்களுக்கு மட்டும் உரியதன்று. பின்னங்களின் பெருக்கமும் அதே ஓசையில் மனப்பாடம் செய்யப்பட்டது. ஏழின் மடங்குகளைச் சொல்லும் சிறுவன் அரைக்காலின் மடங்குகளையும் சொன்னான். பின்னம் என்பது எண்ணின் உடைந்த துண்டு என்னும் எண்ணம் அவனிடம் தோன்ற வாய்ப்பில்லை. மற்றோர் எண்ணின் மடங்காகவே அது அவனுக்கு அறிமுகமாயிற்று. கால் என்பது 80 முந்திரி, மாகாணி 20, மா 16, அரைமா 8. மூவீசத்தோடு மும்மாவைக் கூட்டுக என்றால் 60உம் 48உம் சேர்ந்து 108 முந்திரி. அது காலே மாகாணியே அரைமா. இன்றைய முறையில் 3/16, 3/20 என்று எழுதிப் பகுதிகளைச் சமமாக்கி 27/80 என்று விடை காண்பதனோடு இதனை ஒப்பிட்டால், கடினமான படி எங்கே மறைந்தது என்பது விளங்கும்.

வட இந்தியப் பாடசாலைகளும் இவ்வாறே பின்ன வாய்பாடுகளைக் கற்பித்தன. ஒன்றேகாலுக்குச் சவாயா, ஒன்றரைக்கு டியோடா, இரண்டரைக்கு டாயா என்று இந்தி வழங்கும் பகுதிகளிலும், பாவ்கி, நிம்கி, சவாய்கி என்று மராட்டியிலும் அவை வழங்கின. வங்கத்தில் சுபங்கரர் பெயரால் வழங்கிய கணக்குச் செய்யுள்கள் இவற்றோடு ஒருபுடை ஒப்புமை உடையன. எனினும் அவ்வாய்பாடுகளின் நடுவில் நிற்பது கால் பங்கும் அதன் கூட்டுகளுமே. இருபதின் வரிசையையும் பதினாறின் வரிசையையும் ஓரலகில் பிணைத்ததே தமிழ் மரபின் தனிக்கூறு.

இப்பிணைப்பின் வலிமையைத் தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதலாம் இராசராசனின் (985–1014) கல்வெட்டுகளில் காணலாம். நிலத்தின் பரப்பை வேலி, மா, காணி, முந்திரிகை என்று இறக்கி, எஞ்சியதைக் 'கீழ்' என்னும் சொல்லிட்டு மீண்டும் அரை, கால், மா என்று தொடங்குவர். ஒவ்வொரு கீழும் முந்தைய அளவை 320ஆல் வகுப்பதாகும். இவ்வாறு வேலியில் 5,242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு பங்குவரை கணக்கு இறங்கியுள்ளதை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். 320ஐ நான்கு முறை அடுக்கிப் பெருக்கி, அதனை ஐந்தால் பெருக்கினால் இத்தொகை வரும். அதாவது நான்கு கீழுக்கு அப்பால் ஒரு நாலுமா. இப்பரப்பு ஏறத்தாழ ஒரு மணற்பருக்கை அளவே. எந்தக் கோலும் அதனை அளந்திருக்க முடியாது. அளவையால் வந்த எண்ணன்று அது. வரி விகிதத்திற்காக நிலத்தைத் தரப்படுத்தி வகுத்தபோது எச்சத்தை விடாமல் எழுதிய கணக்கின் விளைவாகவே இருத்தல் வேண்டும்.

குழிக்கணக்கில் மட்டும் ஓர் உரசல் உண்டு. சோழர் காலத்தில் ஒரு மாவிற்கு 256 குழி என்றும், 128 குழி என்றும், 100 குழி என்றும் இடந்தோறும் வேறுபட்டு வழங்கியது. 256 குழி மாவெனின் வேலியின் முந்திரி சரியாக 16 குழி. 128 எனின் 8 குழி. 100 எனின் ஆறேகால் குழி. நூறு பதினாறின் மடங்கன்று என்பதால் வந்த கால் அது. பிற்காலத்தில் பரவலாக நிலைத்தது இந்த நூறு குழி மாவே என்பது கருதத்தக்கது.

முந்திரிக்கு எட்டாதவையும் உள. மூன்றில் ஒன்றிற்குக் கீழ்வாயிலக்கத்தில் பெயரில்லை. 320 மூன்றின் மடங்கன்று. முகத்தலளவையில் மூன்று தூணி ஒரு கலம் என்று வைத்து அக்குறையை ஓரளவு நீக்கினர். கீழ்முந்திரிக்கும் கீழே ஒரு வழக்குப்படி 21 இம்மி ஒரு கீழ்முந்திரி, 11 மும்மி ஓர் இம்மி, 7 அணு ஒரு மும்மி என்று வருகின்றது. இவ்வெண்கள் பார்வைக்குத் தாறுமாறானவை. ஆனால் முந்திரியில் இல்லாத 3, 7, 11 ஆகிய காரணிகளே இவற்றுள் முறையாக நுழைகின்றன என்பதை நோக்கின், இவற்றை வெறும் கற்பனையென்று தள்ளுதல் பொருந்தாது.

இவ்வமைப்பு குலைந்தது பள்ளியில் மட்டுமன்று, நாணயத்திலும் ஆகும். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை நாணய முறையில் 42 பணம் ஒரு வராகன், 80 காசு ஒரு பணம். காசு என்பது பணத்தின் காணி. 1803இல் இங்கிலாந்தில் அச்சிட்டுக் கொணர்ந்த 20, 10, 5 காசுச் செப்பு நாணயங்கள் முறையே பணத்தின் கால், அரைக்கால், மாகாணி ஆயின. நாலு காசு ஒரு மா. சந்தையில் நின்ற எவரும் இரு வரிசையிலும் எச்சமின்றிக் கணக்கிட முடிந்தது. 1818இல் ரூபாய் சென்னையின் அடிப்படை நாணயமானது. 1835இன் சட்டம் இந்தியா முழுமைக்கும் ஒரே ரூபாயை நிறுவியது. ரூபாய்க்கு 16 அணா, அணாவிற்கு 12 பை. ஆக 192 பை. இது மூன்றின் மடங்கு, ஆனால் ஐந்தின் மடங்கன்று. மாகாணி அணாவாகி வாழ்ந்தது. மா ஒன்பது பைக்கு மேற்பட்டுப் பத்துப் பைக்குக் குறைந்து, எந்தச் செப்புக்காசிலும் அடங்காமல் போயிற்று. தாமஸ் மன்றோவின் 1826ஆம் ஆண்டுக் குறிப்பு சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளையும் 1,88,650 மாணாக்கரையும் கணக்கிட்டது. அத்தகைய பள்ளிகளில் கற்ற வாய்பாட்டின் ஒரு பாதி, அடுத்த தலைமுறையில் கையில் புழங்கிய காசோடு ஒட்டவில்லை.

1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய் 100 நயா பைசா ஆயிற்று. இப்போது நிலைமை தலைகீழ். ஐந்து பைசா ரூபாயின் மா, பத்து பைசா இருமா, இருபது பைசா நாலுமா. வரிசை திரும்பிவந்தது, பெயர்கள் திரும்பவில்லை. அணாவோ ஆறேகால் பைசா. அரசின் மாற்று அட்டவணை ஓரணாவிற்கு 6 பைசா, இரண்டணாவிற்கு 12, மூன்றணாவிற்கு 19 என்று முழுமையாக்கிக் கொடுத்தது. நூறு குழி மாவில் நின்ற அதே ஆறேகால்தான் இதுவும். பதினாறுக்கும் நூறுக்கும் மீப்பெரு பொது வகுத்தி நான்கே. ஆகவேதான் நாலணா, எட்டணா, பன்னிரண்டணா என்னும் மூன்று மட்டும் பைசாவில் பிசகின்றிப் பொருந்தின. கால், அரை, முக்கால் என்னும் மூன்றும் இன்றளவும் பேச்சில் நிலைத்திருக்க, மாகாணியும் மாவும் காணியும் அகராதிக்குள் சென்றன. நாலணா என்னும் சொல்லைத் தாங்கிய 25 பைசா நாணயம் 2011 ஜூன் இறுதியோடு செல்லாததாயிற்று.