கூட்டணி கூடுமுன் எடுத்த கணக்கு: காவிரி டெல்டாவும் முன்கணிப்புகளும்

1967 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் 41.1 விழுக்காடு வாக்குப் பெற்றது, தி.மு.க. 40.7. ஆட்சி போனதோ 137 இடங்களை வென்ற தி.மு.க.வுக்கு. காங்கிரசுக்குக் கிடைத்தவை 51. காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதிகளிலும் தனித்து நின்றது. தி.மு.க. 174 இடங்களோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தைச் சுதந்திராக் கட்சி முதலிய தோழமைக் கட்சிகளுக்கு விட்டது. அந்த அலையிலும் தஞ்சாவூர்த் தொகுதி காங்கிரசின் பரிசுத்த நாடாரைத்தான் தேர்ந்தெடுத்தது. 1962இல் அவரை மு. கருணாநிதி அங்கே வென்றதும் 1,928 வாக்குகளில்தான். கட்சிகளின் வாக்கு விழுக்காட்டை வைத்து மட்டும் இந்த மாநிலத்தின் முடிவைச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்தியாவில் கருத்துக்கணிப்பை 1950களில் தொடங்கிவைத்தவர் எரிக் டா கோஸ்டா. 1963இல் ரஜினி கோத்தாரி நிறுவிய வளரும் சமூகங்கள் ஆய்வு மையம் 1967இல் முதல் தேசியத் தேர்தல் ஆய்வை நடத்தியது. அந்த ஆய்வு ஆண்களிடம் மட்டுமே கேள்வி கேட்டது. நாற்று நடவும் களையெடுப்பும் பெண்கள் கையில் இருக்கும் டெல்டாவில், வயலில் நின்றவர்களின் எண்ணம் கணக்கில் ஏறவேயில்லை. பின்னர் டேவிட் பட்லர், அசோக் லாகிரி, பிரணாய் ராய் மூவரும் எதிர்க்கட்சி ஒற்றுமைக் குறியீட்டை வகுத்தார்கள். எதிரணி வாக்கில் அதன் பெரிய கட்சிக்குப் போகும் பங்கு எவ்வளவு என்று பார்த்து, வாக்கை இடமாகக் கணிக்கும் முறை அது. அருமையான கருவிதான். ஆனால் யார் யாரோடு சேர்கிறார் என்பது தெரிந்த பிறகே அது உதவும். தமிழ்நாட்டில் அது கடைசி வாரங்களில்தான் தெரியவருகிறது.

1980 இதற்குக் கடுமையான சோதனை. சனவரி மக்களவைத் தேர்தலில் தி.மு.க.–இந்திரா காங்கிரஸ் அணி 39இல் 37 இடங்களை அள்ளியது. இது சில ஆயிரம் பேரிடம் எடுத்த மாதிரியன்று. மாநிலமே போட்ட ஓட்டு. பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். அரசு கலைக்கப்பட்டது. தி.மு.க.வும் காங்கிரசும் தொகுதிகளை ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள, முதல்வர் யார் என்ற கேள்வி எழுந்தது. மே மாதம் அ.தி.மு.க. தனியாகவே 129 இடங்களை வென்றது. முழு வாக்கெடுப்பே ஐந்து மாதம் தாங்கவில்லை.

1996இல் கபிஸ்தலத்து மூப்பனார் தமிழ் மாநில காங்கிரசைத் தொடங்கியது மார்ச் இறுதியில். வாக்குப்பதிவு தொடங்கியது ஏப்ரல் 27இல். தி.மு.க.வோடு அது சேர்ந்த அணி 221 இடங்களைப் பிடித்தது. பிப்ரவரியில் கருத்துக்கணிப்பு நடத்தியவர், பிறக்காத கட்சியைப் பற்றி எப்படிக் கேட்டிருப்பார்? 1948இல் அமெரிக்கக் கணிப்பாளர்கள் தேர்தலுக்கு முன்பே கேட்பதை நிறுத்திவிட்டு ட்ரூமன் தோற்பார் என்றார்கள். அங்கே வேட்பாளர்களாவது யார் யார் என்று தெரிந்திருந்தது.

மாதிரியின் அளவும் இங்கே முக்கியம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் உள்ள தொகுதிகள் 18. மாநிலம் முழுவதும் 5,000 பேரைக் கேட்டால் டெல்டாவின் பங்கு ஏறத்தாழ 385 பேர். பிழை வரம்பு ஐந்து விழுக்காடு வரை போகும். அந்த 385 பேரும் யார்? தை மாதம் சம்பா அறுவடை நேரம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் மூட்டையோடு காத்திருப்பவர் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது என்று கேட்ட அன்று சொல்லும் பதில் ஒன்று, பணம் கைக்கு வந்தபின் சொல்லும் பதில் வேறு. சாலையோரக் கடைத்தெருவில் பேட்டியை முடித்துக்கொள்பவர், ஊருக்கு வெளியே வாய்க்காலுக்கு அப்பால் இருக்கும் விவசாயத் தொழிலாளர் குடியிருப்பை எட்டுவதே இல்லை.

2016இல் வாக்குப்பதிவு முடிந்தபின் எடுத்த கணிப்புகளிலேயே பல தி.மு.க. வெல்லும் என்றன. வென்றது அ.தி.மு.க. இரு அணிகளுக்கும் இடைவெளி ஏறத்தாழ ஒரு விழுக்காடு. கொள்ளிடத்தின் வடகரைக் காட்டுமன்னார்கோயிலில் தொல். திருமாவளவன் 87 வாக்குகளில் தோற்றார். பணப்பட்டுவாடா புகாரால் தஞ்சாவூரில் தேர்தலே நவம்பர் 19க்குத் தள்ளிப்போனது. எந்த வினாத்தாளிலும் இவை அடங்கா.

வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் மின்னணு ஊடகங்களில் கருத்துக்கணிப்பை வெளியிடச் சட்டம் தடைவிதிக்கிறது. ஆறு மாதம் முன்பு வருவதற்கு அந்தத் தடை இல்லை. ஆகவே பொறுப்பு இதழ்களுடையது: முன்கணிப்பை வெளியிடும்போது கேட்ட தேதிகளையும், டெல்டாவில் கேட்டவர் எண்ணிக்கையையும், எந்தக் கூட்டணியை வைத்து இடங்களைக் கணக்கிட்டார்கள் என்பதையும் சேர்த்தே அச்சிடுங்கள்.