புள்ளி முட்டையான கதை

நம் கல்லூரிப் பட்டறையில் நான் பற்றவைத்த தகடு, பற்றுக்கு ஒட்டினாற்போல் விரிசல் விட்டது. "சூடு எங்க எவ்வளவு ஏறுச்சுன்னு யாருக்குப்பா தெரியும்?" என்றார் பட்டறை ஆசிரியர்.

1941-லேயே டேனியல் ரோசந்தால் இதற்குச் சூத்திரம் எழுதியிருந்தார். வெல்டிங் வெப்பத்தை நகரும் ஒரு புள்ளியாக வைத்துக்கொண்டார். தள்ளியிருக்கும் இடத்துக்குக் கணக்கு சரியாக வரும். புள்ளியை நெருங்கினால் வெப்பநிலை முடிவிலிக்கு ஏறிவிடும். நமக்கு வேண்டியதோ பற்றின் ஓரம்!

தகட்டைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்குப் போடக் கணிப்பொறி வந்தது. 1969-இல் பாவெலிக் குழுவினர் வெப்பத்தை மேற்பரப்பில் வட்டமாகப் பரப்பினார்கள். ஆழமாக உருக்கும் வெல்டிங்குக்கு அது போதவில்லை. 1984-இல் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்து ஜான் கோல்டாக் குழுவினர், முன்பக்கம் குட்டை, பின்பக்கம் நீளம் என இரண்டு அரை முட்டைகளை ஒட்டவைத்தது போன்ற வடிவத்துக்குள் வெப்பத்தைப் பகிர்ந்தார்கள். உருகிய உலோகம் தேங்கும் வடிவமும் ஏறக்குறைய அதுதானே!

ஆனால் முட்டையின் நீள, அகல, ஆழம் கணிப்பொறிக்குத் தானாகத் தெரியாது. பற்றவைத்த துண்டைக் குறுக்கே அறுத்து, மெருகேற்றி, அமிலம் தடவி, உருகிய எல்லையை அளந்து நாம்தான் கொடுக்கணும். பின்னாளில் நான் அளக்காமல் உத்தேசமாக எண்களைப் போட்டு ஒரு வாரம் திண்டாடினேன். கடைசியில் ஹாக்ஸா பிளேடைத்தான் தேடிப் போனேன்.