எழுத்தாடலும் சொற்பொருளும்

எழுத்து, சொல், பொருள் என மொழியாராய்ச்சியை மூவகைப்படுத்திக் காண்பது தமிழ் மரபு. ஆங்கிலச் சொல்லாட்டங்களின் வரலாற்றை ஆராயப் புகுவார்க்கும் இப்பாகுபாடு துணைசெய்யும். அவ்வாட்டங்கள் எழுத்தில் தோன்றிச் சொல்லில் நெடுங்காலம் நின்றன. பொருளைத் தொடுவதற்கு ஏறத்தாழ எழுபதாண்டுகள் கடந்தன. ஈண்டுப் பொருள் என்றது சொற்பொருளையே, பொருளதிகாரத்துப் பொருளையன்று. ஆயினும், சொற்பொருளை ஆட்டத்துள் அழைத்து வந்தது கதைப்பொருளே என்பதை நாம் பின்னர்க் காண்போம்.

இவ்வகை ஆட்டங்களுக்கு மூலமாய் நிற்பது ஸ்கிராபிள். அமெரிக்கக் கட்டடக் கலைஞராகிய ஆல்ஃபிரட் மோஷர் பட்ஸ் என்பார், 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்திருந்த காலத்தே அதனை வகுக்கத் தொடங்கினார். நியூயார்க் டைம்ஸ் முதலிய செய்தித்தாள்களில் எவ்வெழுத்து எத்துணை முறை பயில்கிறது என அவர் எண்ணிக் கணக்கிட்டார். ஜேம்ஸ் புருனோ என்பார் 1948-இல் அவ்வாட்டத்தைச் சீர்செய்து இன்றுள்ள பெயரையும் தந்தார். நூறு சில்லுகளுள் 'ஈ' என்னும் எழுத்துக்குப் பன்னிரண்டு. அதன் மதிப்பு 1. 'கியூ', 'இசட்' ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று, மதிப்பு 10. 'எஸ்' ஆங்கிலத்தில் மிகுதியாகப் பயிலும் எழுத்தேயாயினும் அதற்கு நான்கு சில்லுகளே உள்ளன. பன்மை விகுதியாய் எச்சொல்லோடும் எளிதில் ஒட்டிக்கொள்ளுமாதலின், அதனைப் பட்ஸ் குறைத்து வைத்தார். இலக்கணம் பயின்றார் பாராட்டத்தக்க நுட்பம் இது.

ஆயின் இவ்வமைப்பில் சொற்பொருளுக்கு இடமில்லை. அகராதியில் உளதா, இலதா என்பதே வினா. இதன் எல்லையைக் காட்டிய நிகழ்ச்சி 2015-இல் நடந்தது. நியூசிலாந்தில் பிறந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் என்பார், பிரெஞ்சு மொழி பேச அறியாதவராயிருந்தும், சில வாரங்களில் அம்மொழிச் சொற்பட்டியலை மனனஞ்செய்து பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் போட்டியில் வென்றார். மொழியறியாதார் மொழியாட்டத்தில் வெல்லலாம் எனின், ஆடப்படுவது மொழியா, எழுத்துக்கோவையா என்ற ஐயம் எழுவது இயல்பே.

மாறுதல் வேறொரு திசையிலிருந்து வந்தது. 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். ஆடுவோர் ஒரு மாந்தனின் வேடம் பூண்டு, பகைவென்று ஆற்றல் பெருக்கிச் செல்வதும், உயிராற்றலை எண்ணால் அளப்பதும் அதன் இயல்புகள். இவை கணினி ஆட்டங்களுட் புகுந்து வேரூன்றின. சியாட்டில் நகரத்துப் பாப்கேப் நிறுவனத்தார் 2006-இல் வெளியிட்ட புக்வோர்ம் அட்வென்ச்சர்ஸ், அம்மரபையும் எழுத்தாடலையும் ஒன்றாய்ப் பிணைத்தது. 2003-இல் வந்த அவர்தம் புக்வோர்மில் அடுத்தடுத்து நிற்கும் எழுத்துகளையே கோக்கலாம், அங்குக் கதையில்லை. புதிய ஆட்டத்திலோ பதினாறு எழுத்துகளுள் எதனையும் எவ்வரிசையிலும் எடுக்கலாம். லெக்ஸ் என்னும் நூற்புழு தலைவன். கோக்கும் சொல்லே அவன் படைக்கலம். சொல் நீளுந்தோறும், அருகிய எழுத்து அதனுள் அமையுந்தோறும் அடி வலிதாகும். பகைவரும் வாளாவிரார், எழுத்துகளைப் பூட்டியும் கெடுத்தும் சொல்லாக்கத்தைத் தடுப்பர். கிரேக்கத் தொன்மம், ஆயிரத்தோரிரவு அரபுக் கதைகள், அச்சந்தரும் ஐரோப்பியக் கதைகள் எனக் களங்கள் நூல்களாகவே வகுக்கப்பட்டன. படிப்போனைக் கேலிசெய்யும் பெயரைத் தாங்கிய புழு, படித்த நூலுள்ளேயே போர்புரிவது இனிய கற்பனை.

இவ்வளவில் நின்றிருப்பின், பழைய கணக்கே புதிய ஆடை உடுத்ததாகும். நாம் கருதத்தக்கது பிறிதொன்று. இவ்வாட்டத்தில் உலோகப் பெயர், நிறப்பெயர், பாலூட்டிகளின் பெயர் முதலிய சில சொல்வகைகளுக்கு இடமறிந்து மிகுவலி தரப்பட்டது. நீண்டதொரு சொல்லினும் குறுகிய உலோகப் பெயர் அங்குச் சிறக்கலாம். அதனைத் தேர்வதற்கு எழுத்தெண்ணிக்கை போதாது. பொருள் தெரிதல் வேண்டும். போரென்றும் படைக்கலமென்றும் ஒரு கதைச்சூழல் ஏற்பட்டமையாலேயே, இச்சொல் இங்குப் பொருந்துமா என்ற வினாவுக்கு இடம் உண்டாயிற்று. ஸ்கிராபிளின் வெற்றுக் கட்டங்களில் அவ்வினா எழ வழியில்லை.

2009-இல் ஃபிஃப்த் செல் நிறுவனத்தாரின் ஸ்க்ரிப்பிள்நாட்ஸ் மறுமுனைக்கே சென்றது. ஏணி என எழுதின் ஏணி தோன்றும். ஆயிரக்கணக்கான சொற்கள் அவ்வாறு உருப்பெற்றன. அங்கு எழுத்துக்குத் தனிமதிப்பில்லை, பொருளே ஆட்டம். அதே ஆண்டில் புக்வோர்ம் அட்வென்ச்சர்ஸின் இரண்டாம் தொகுதியும் வெளிவந்தது. இரண்டையும் நடுநிலையாய் இணைக்கும் நெறியை அடுத்து வந்தோர் வளர்ப்பர் என எதிர்பார்த்தல் தகும். எனினும் 2014-இல் வந்த லெட்டர் குவெஸ்ட், வேடமும் போரும் உடையதாயினும், பகையின் இயல்புகளைப் பெரும்பாலும் எழுத்தமைப்பையும் சொல்லின் நீளத்தையும் சார்த்தியே வகுத்தது. பட்ஸின் பழைய எண்ணிக்கைக் கணக்கே மீண்டும் தலைமை பெற்றது.